வீட்டினுள் வளர்க்கும் பின்ச் குருவிகள்: ஆண் பெண் அறியும் வகை

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும், தாழ்வாரத்திலோ ஓர் அறையின் மூலையிலோ கம்பி வலை அடைத்து, பின்ச் எனப்படும் சிறு குருவிகளைப் பிரியமாய் வளர்ப்போர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றே. “ஜோடியென்று வாங்கினோம்; வருஷமொன்று ஆயிற்று; குஞ்சு இல்லை” என்பர். இதற்குத் தீனியையும் கூட்டையும் குறை கூறுமுன், அவ்விரண்டும் ஒரே பாலாயிருக்கக்கூடுமோ என்று முதலில் பார்த்தல் உசிதம். விற்பவர் கைக்கு அகப்பட்ட இரண்டைப் பிடித்துக் கொடுத்துவிடுவதும், வாங்குபவர் அதை ஜோடியென்று நம்புவதும் சாதாரணமாய் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜீப்ரா பின்ச் இவ்விஷயத்தில் மிகவும் எளிது. வளர்ந்த ஆணுக்குக் கன்னத்தில் செம்மண் நிறத் திட்டும், தொண்டையில் மெல்லிய கறுப்பு வரிகளும், மார்பில் கறுப்புப் பட்டையும், விலாவில் வெண்புள்ளி பொறித்த செந்நிறமும் உண்டு. பெட்டைக்கு இவை யாவும் இல்லை. மேனி சாம்பல் நிறமாயிருக்கும். கண்ணின் கீழுள்ள கறுப்புக் கோடு இரண்டுக்கும் பொதுவாதலால் அதைக்கொண்டு தீர்மானிக்கலாகாது. ஆணின் அலகு ஆழ்ந்த சிவப்பு. பெட்டையின் அலகு ஆரஞ்சுச் சாயல். வெள்ளை ஜாதியில் மேனிக்குறிகள் மறைந்துபோவதால் அலகொன்றே அடையாளம். குஞ்சுகளின் அலகு கறுப்பாயிருக்கும். ஐந்தாறு வாரத்திற்குப்பின் ஆணின் கன்னத்தில் நிறம் அரும்பும். மூன்று மாதத்திற்குள் நிறம் நிறைந்துவிடும். ஆகையால் கறுப்பு அலகுடன் விற்கப்படும் குஞ்சை ஆணென்றோ பெட்டையென்றோ விலை பேசுவது வீண்.

பெங்காலீஸ் பின்ச் என்பதன் சங்கதி வேறு. பெயர்தான் வங்காளத்தைக் காட்டுகிறதேயன்றி, அது உருவானது ஜப்பானில். சீனத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட வெண்முதுகுச் சில்லையைச் சுமார் 250 வருஷங்களாகக் கூண்டிலேயே பெருக்கி உண்டாக்கிய வளர்ப்பு ஜாதி இது. அந்தச் சில்லையினம் நம் தென்னாட்டிலும் உள்ளதே. இதில் ஆணும் பெட்டையும் உருவத்திலும் நிறத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். தலை பருத்தது ஆண், அலகு தடித்தது ஆண் என்று சொல்லப்படுவனவற்றை நம்புவதற்கில்லை. பாட்டு ஒன்றே நம்பத்தக்க குறி. ஆண் இறகைச் சிலிர்த்து, கழுத்தை நீட்டி, கொம்பின்மேல் சிறு குதி குதித்துப் பாடும். பெட்டை கூவுமேயொழியப் பாடாது.

சோதிக்க விரும்புவோர் ஒவ்வொரு குருவியையும் ஓரிரவு தனிக்கூட்டில் விட்டு, மறுநாட் காலையில் மற்றவை இருக்குமிடத்திற்கு அருகே வைத்துச் சற்றுத் தூரத்திலிருந்து கவனிக்க வேண்டும். பாடியதற்குக் காலில் ஒரு நிற வளையம் மாட்டிவிடலாம். ஒருநாள் பாடாததனால் மட்டும் பெட்டையென்று முடிவு கட்டலாகாது. இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பலமுறை பார்த்தே நிச்சயிக்க வேண்டும். அவசரமுள்ளவர்கள் பிடுங்கிய சிறகொன்றைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி மரபணுவைக்கொண்டு அறியலாம். இரண்டு ஜோடி வைத்திருப்பவருக்கு அச்செலவு அவசியமில்லை. ஆண் மட்டும் பாடுவதற்குக் காரணம் மூளையிலேயே உள்ளது. ஜீப்ரா பின்ச், கானரி ஆகிய பறவைகளில் பாட்டை நடத்தும் மூளைப் பகுதிகள் பெட்டையைவிட ஆணில் வெகுவாகப் பெரியவை என்பதை நாட்டபோம், ஆர்னல்டு என்னும் இருவர் 1976இல் வெளியிட்டனர்.

அடைகாப்பதைக் கண்டு பெட்டையென்று எண்ணுவதும் தவறு. இவ்விரு ஜாதிகளிலும் ஆணும் பெட்டையும் மாறிமாறி முட்டையின்மேல் அமரும். ஒரு பெட்டை சாதாரணமாக நான்கு முதல் ஆறு முட்டையிடும். ஒரே கூட்டில் எட்டு, பத்தென்று சேர்ந்து, ஒன்றும் பொரியாவிட்டால் இரண்டும் பெட்டைகளென்று ஐயுறலாம். ஜீப்ராவின் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிக்கும். பெங்காலீஸ் இரண்டொரு நாள் கூடுதலாகக் கொள்ளும். ஆறு மாதம் நிரம்பாத பெட்டையை ஜோடி சேர்த்தால் முட்டை வெளிவராமல் கட்டி உயிருக்கே சேதம் நேரக்கூடும்.

இனி, கிராம அதிகாரிகளும் நிலமுடையோரும் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. சோளமும் தினையும் பால்பிடிக்கும் காலத்தில் வயலில் இறங்கும் புள்ளிச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை, சிவப்புச் சில்லை முதலியவற்றை வலைவைத்துப் பிடிப்பதும், விற்பதும், கூண்டிலடைப்பதும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கதிரைக் காக்க விரட்டுவது வேறு; பிடிப்பது வேறு. பிடித்தும் பயனில்லை: புள்ளிச் சில்லையிலும் வெண்தொண்டைச் சில்லையிலும் ஆண் பெண் பேதம் கண்ணுக்குப் புலப்படாது, சிவப்புச் சில்லையின் ஆணும் இனப்பெருக்க காலத்தில் மட்டுமே செந்நிறம் பூண்டு, மற்றக் காலத்தில் பெட்டையைப் போலாகிவிடும். இவற்றைப் பச்சை, மஞ்சள் சாயத்தில் தோய்த்து அயல்நாட்டுக் குருவியென்று விற்கும் மோசடியும் உண்டு. சாயம் இறகு உதிருமட்டுமே நிற்கும். வழக்கோ வாங்கியவர்மேலும் வரும். இத்தகைய விற்பனையைக் கண்டால் வனச்சரகருக்குத் தெரிவிப்பதே முறை.

அறைக்கூண்டு உயரத்தைவிட நீளமாயிருத்தல் நன்று. இக்குருவிகள் பக்கவாட்டில் பறப்பவை. ஆறடி நீளம், மூன்றடி அகலமுள்ள கூண்டில் நான்கைந்து ஜோடிகள் சுகமாய் வாழும். வலைக்கண் அரை அங்குலத்திற்கு மேற்பட்டால் சுண்டெலி நுழையும். கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பூட்டுக்குப் பேர்பெற்ற ஊராயினும், குருவி தப்புவதைத் தடுப்பது பூட்டன்று, ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த இரட்டைக் கதவே. அடுப்புப் புகை வரும் இடமும், தகரக் கூரையின் கீழும், சுழலும் மின்விசிறியுள்ள அறையும் ஆகா.

தீனிக்குத் தினையும் பனிவரகும் சாமையும் போதும். நம் புன்செயிலேயே விளைபவை. விதைக்கென மருந்து கலந்து வைத்த தானியத்தை ஒருபோதும் போடலாகாது. குருவி தானியத்தை உரித்துத் தின்று உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்ப்பவர் கண்ணுக்குக் கிண்ணம் நிறைந்தே தோன்றும். நிறைந்த கிண்ணத்தின் முன்னே பட்டினியால் மடிந்த குருவிகள் உண்டு. ஆகையால் தினமும் காலையில் உமியை ஊதிப் பார்த்தே தீனியளக்க வேண்டும். கணவாய் ஓடு, வேகவைத்துப் பொடித்த முட்டையோடு, சிறிது கீரை, முளைகட்டிய தினை ஆகியவையும் வேண்டும்.

கூட்டுக்குச் சிறு மண்கலயமும் உலர்ந்த புல்லும் தேங்காய் நாரும் போதுமானவை. நார் நீளமாயிருந்தால் காலில் சுற்றிக்கொள்ளும். மூன்று அங்குலத்திற்கு நறுக்கியிட வேண்டும். கலயம் உள்ளவரை ஜோடிகள் ஓய்வின்றி முட்டையிட்டு மெலிந்துபோகும். ஆதலால் வருஷத்தில் மூன்று ஈடுக்கு மேல் விடாமல், பங்குனி முடிவில் கலயங்களை எடுத்துவிட்டு, ஐப்பசி மழை தொடங்கிக் காற்றுக் குளிர்ந்தபின் திரும்ப வைக்கலாம்.