ஜகந்நாத சப்தமும் ஆங்கிலத்தில் அதன் கதியும்

திருப்புல்லாணித் திவ்யதேசத்து எம்பெருமானுக்கு ஆதிஜகந்நாதன் என்று திருநாமம்; தலத்தையும் தக்ஷிண ஜகந்நாதம் என்று பெரியோர் வழங்குவர். ஜகந்நாதன் என்னும் இத்திருநாமமே ஆங்கிலத்தில் ‘ஜகர்நாட்’ என்று திரிந்து, எதிர்ப்பட்டவற்றை நசுக்கிச் செல்லும் தடுக்கவொண்ணாத வேகத்தையும், பெருஞ்சுமை லாரியையும் குறிக்கின்றது. ரக்ஷகனைச் சொல்லும் சப்தம் இக்கதியை அடைந்தவாறு ஆராயத்தக்கது.

‘ஜகத்’ என்பது ‘கம்’ தாதுவினின்று பிறந்தது. இயங்குவது என்று பொருள். நகாரம் பரமாகுமிடத்துத் தகாரம் அனுநாஸிகமாகி ‘ஜகந்நாத’ என்றாயிற்று. ஷஷ்டீ தத்புருஷ ஸமாஸம். ‘நாத்’ தாதுவுக்கு யாசித்தல், உபதாபம், ஐச்வர்யம், ஆசி என்னும் பொருள்களைப் பாணினீய தாதுபாடம் ஓதுகின்றது.

14ஆம் நூற்றாண்டில் இந்தியா போந்த இத்தாலியத் துறவி ஓடோரிக், தேர்க்காலில் விழுந்து மடிவோரைப் பற்றி எழுதிவைத்தார். அவர் கூறியது ‘மாபார்’ எனப்பட்ட சோழமண்டலக் கரையைப் பற்றியது. பிற்காலத்தார் அதனைப் பூரியின்மேல் ஏற்றினர். 1803இல் பூரி ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. 1806இல் அங்குச் சென்ற கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார், ரதோத்ஸவத்தை நரபலியாகச் சித்திரித்து 1811இல் நூல் வெளியிட்டார். அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவ, அந்நூற்றாண்டிலேயே திருநாமம் பொதுச்சொல்லாயிற்று.

தேர்க்காலில் மரணங்களே நேரவில்லை என்று நாம் சாதிக்கவேண்டுவதில்லை. ஒரிஸ்ஸாவில் அதிகாரியாயிருந்த ஸ்டெர்லிங், தாம் கண்ட நான்கு ஆண்டுகளில் அத்தகையன மூன்றே என்றும், அவற்றுள் ஒன்று விபத்தாகலாம் என்றும் எழுதினார். அது 1825இல் வெளியாயிற்று. 1872இல் ஹண்டரும், பெரும்பாலானவை நெரிசலில் நேர்ந்த விபத்துகளே என்று காட்டினார். இருவரும் பிரிட்டிஷாரே. ஆயினும் சொல் திருந்தவில்லை.

ஆங்கிலச் சொல்லில் ஜகத்தின் இயக்கம் மட்டும் எஞ்சி, நாத சப்தத்தின் பொருள் முற்றும் ஒழிந்தது. அப்பொருள் விளங்கிய இடம் புல்லாணி. விபீஷணாழ்வானுக்கு அபயம் தந்த சக்கரவர்த்தித் திருமகன், தானே தர்ப்பையில் கிடந்து மூன்று இரவு கடலரசனை வேண்டிநின்றான். ஐச்வர்யமும் யாச்ஞையும் ஆகிய இரு தாத்வர்த்தங்களும் ஒருவனிடத்தே கூடிய கடற்கரை இது.

ஆங்கிலம் பயிலும் நம் சிறார் இச்சொல்லை அகராதியில் காணும்போது, அதன் மூலத்தையும் வீட்டுப் பெரியோர் எடுத்துரைத்தல் வேண்டும்.