பழைய கணினிக்குப் புதிய நினைவகம்

பள்ளிகொண்டாவில் நமது பங்கு அலுவலகத்தை அடுத்த அறையில் பழைய மேசைக் கணினியொன்று உண்டு. கல்லூரி விண்ணப்பங்களையும் உதவித்தொகைப் படிவங்களையும் நிரப்ப மாணவர் மாலைதோறும் வருவர். அவர்தம் பெற்றோரில் பலர் ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள். புதுக் கணினி வாங்குதல் அவர்கட்கு எளிதன்று. கடைசி நாளன்று ஒரு மாணவியின் படிவம் பாதியில் நின்றுபோனபோதுதான் நாம் விழித்துக்கொண்டோம். இருந்த 2 ஜிபி நினைவகம், அதாவது கடைகளில் ‘ரேம்’ என்று கேட்டு வாங்குவது, போதவில்லை. வேலூருக்குச் சென்று 4 ஜிபி அட்டையொன்றை வாங்கிவந்து பொருத்தினோம். திரை இருண்டே கிடந்தது!

நினைவக அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் அவற்றிற்குத் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்-2, டிடிஆர்-3 இரண்டிற்கும் 240 தொடுமுனைகள், டிடிஆர்-4க்கு 288. மின்னழுத்தமோ முறையே 1.8, 1.5, 1.2 வோல்ட். ஒன்றனிடத்தில் மற்றொன்று நுழையாதபடி, அட்டையின் விளிம்பிலுள்ள வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறியிருக்கும். இடக்காற் செருப்பை வலக்காலில் திணிப்பதுபோல் அழுத்தினால் அட்டையும் கெடும், மதர்போர்டும் கெடும். மடிக்கணினி அட்டை நீளத்திற் குறைந்தது. அதுவும் இங்கே சேராது.

நாம் வாங்கியதோ சரியான டிடிஆர்-3 அட்டைதான், வெட்டும் பொருந்தியது. பின் ஏன் இயங்கவில்லை? நமது மதர்போர்டு இன்டெல் ஜி-41 வகை. அது ஒவ்வொரு சில்லிலும் 2 கிகாபிட் வரையே கணக்கிட வல்லது. 4 ஜிபி என்பது 32 கிகாபிட். ஆகவே அட்டையின் இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் வேண்டும். நாம் வாங்கிய புது அட்டையில் எட்டே சில்லுகள், ஒவ்வொன்றும் 4 கிகாபிட். அளவு ஒன்றே, ஆயினும் பழைய மதர்போர்டுக்கு அது விளங்கவில்லை. சில்லுகளை எண்ணிப் பார்க்காமல் வாங்கியது நமது பிழையே.

ஆகவே பெற்றோரே, கடைக்குப் புறப்படுமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளிருக்கும் அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அதன் சீட்டில் பிசி2 என்றிருந்தால் டிடிஆர்-2. பிசி3 எனில் டிடிஆர்-3. மதர்போர்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பது அதைப் பொறுத்தது. ஜி-41க்கு 8 ஜிபி, அதற்கு முந்திய ஜி-31க்கு 4 ஜிபிதான். பொருந்தாவிடில் மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் முன்னரே சொல் பெறுவதும் நன்று. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவக விலை உலகெங்கும் ஏறியது. தவறாக வாங்கி மூலையிற் போட இது காலமன்று.

விண்டோஸ் பற்றியும் ஒரு சொல். வீடுகளில் உள்ள 32 பிட் வகை 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. விண்டோஸ்-10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் பொதுவில் முடிவுற்றது. விண்டோஸ்-11 இத்தகைய பழைய கணினிகளை ஏற்பதில்லை. நாம் 64 பிட் லினக்ஸை நிறுவினோம்.

பதினாறு சில்லு அட்டை, பயன்படுத்திய பொருளாக, சென்னை ரிச்சி தெருவிற் கிடைத்தது. அதைப் பொருத்தியும் முதலில் திரை எழவில்லை. தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் செருகியபின், 6 ஜிபி என்று காட்டிற்று.