ஐயாவும் ஓரா மீனும்

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இல்லாத வீடு அரிது. திருமணத்திற்கும் குடிபுகுதலுக்கும் நாள் பார்ப்பதற்கே பிறர் அதனைப் புரட்டுவர்; எங்கள் ஐயாவோ மீன் பிடிப்பதற்கும் புரட்டினார். அமாவாசையையும் பூரணையையும் அடுத்த நாட்களில் கடலின் வற்றும் பெருக்கும் மிகும். காரைநகருக்குச் செல்லும் பொன்னாலைப் பாலத்தின் மதகுகளூடாக நீர் விரைந்து பாயும். அதனோடு மீனும் வரும். ஆனால், அமாவாசையன்று எங்கள் வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. ஆகவே, மறுநாளே எங்கள் பயணம்.

1960களின் தொடக்கம் அது. ஓகஸ்ட் விடுமுறையில், விடியுமுன்பே வாடகைக்கு அமர்த்திய ஏ-40 காரில் ஐயா, அம்மா, அண்ணன், தம்பி, நான் என ஐவரும் நெருங்கியமர்ந்து புறப்படுவோம். அம்மாவின் மடியில் புட்டும் சம்பலும் கட்டிய பொதி. ஐயாவின் கையில் தங்கூசி சுற்றிய கட்டை. மீனுக்கென ஓர் உமல். அந்த உமல் பலநாள் வெறுமையாகவே திரும்பியதென்பதையும் உண்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

ஐயா ஓர் ஆசிரியர். வீட்டில் அவர் இருமினாலே நாங்கள் புத்தகத்தை விரிப்போம். பாலத்திலோ அவர் வேறு மனிதர். சோளகக் காற்றில் வேட்டி படபடக்க நின்று, எந்த மீன் எவ்வாறு இரையைத் தீண்டும் என்று விளக்குவார். பாரை பறித்துக்கொண்டு ஓடும், ஓரா கொறிக்கும். பாசியும் கடற்புல்லும் தின்னும் ஓராவுக்குக் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டிக் குத்துவார்.

ஒருநாள் தம்பியின் தூண்டிலில் உள்ளங்கையளவு ஓரா ஒன்று அகப்பட்டது. அவனுக்கு அப்போது வயது எட்டு.

"நீ பிடித்த மீனை நீயே கழற்று" என்றார் ஐயா.

ஓராவின் முதுகுத் துடுப்பில் 13 முட்கள். பின்புற அடித்துடுப்பில் 7. போதாக்குறைக்கு வயிற்றிலும் முள். எல்லாவற்றிலும் நஞ்சு. மீன் துள்ளியது, முள் பெருவிரலில் ஏறியது. தம்பி அலறிய அலறலில் அம்மா புட்டுப் பொதியை எறிந்துவிட்டு ஓடி வந்தார்.

ஐயா அசையவில்லை, முகம் வெளிறி நின்றார். அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரே, தேநீருக்கு வைத்த சுடுநீரைக் கொண்டுவந்து, தம் விரலை விட்டுச் சூடு பார்த்தபின், "ராசா, பொறுக்கக்கூடிய மட்டும் கையை இதற்குள்ளே வைத்திரு" என்றார். வெப்பத்தில் அந்நஞ்சு சிதைந்துவிடும் என்பதால் மருத்துவர்களும் இன்று அதனையே சொல்கின்றனர். முதியவர் தம் தகப்பனிடம் அறிந்தாராம். சிறிது நேரத்தில் அலறல் விம்மலாயிற்று.

அன்றிரவு ஐயா உறங்கவில்லை. அடிக்கடி எழுந்து, தம்பியின் விரலை விளக்கொளியில் பார்ப்பதைப் பாயிற் கிடந்தபடியே கண்டேன். "என்னிலேதான் பிழை" என்று அம்மாவிடம் அவர் சொன்னதும் காதில் விழுந்தது. தம் பிழையென்று எதனையும் அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தரமே. அடுத்த பயணத்திலிருந்து எல்லோருடைய மீனையும் அவரே ஈரத்துணியால் அழுத்திப் பிடித்துக் கழற்றினார். தம்பிக்கு அது பெரும் அவமானம்!

1991இல் போரினால் காரைநகர் மக்கள் இடம்பெயர்ந்தனர். பாலமும் எங்களுக்கு எட்டாத இடமாயிற்று. "அமாவாசை எப்போது?" என்று கேட்பதை மட்டும் ஐயா நிறுத்தவில்லை. பாதை திறக்குமுன்பே அவர் காலமானார்.

சென்ற ஆடி அமாவாசையன்று, கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி கீரிமலையில் ஐயாவுக்குப் பிதிர்க்கடன் செய்தான். மறுநாள் விடியுமுன்பே என் வாசலில் ஆட்டோவுடன் நின்றான். கையில் ஓர் உமலும் பிசைந்த மாவும். பாலத்தில் அவனுடைய பேரன் ஓரா ஒன்றைத் தூக்கியதும், "தொடாதே!" என்று தம்பி போட்ட சத்தத்தில் மதகடியில் நின்ற கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன.