மூன்று ஊர்க் கிணறுகள்

சென்ற ஆவணி மாதத்திலே எங்கள் கல்லூரி மண்டபத்தில் ஒரு சிறு கூட்டம் கூடிற்று. நெடுந்தீவிலிருந்து சிலர், வலிகாமத்துத் தோட்டக்காரர் சிலர், மட்டக்களப்புக் கரையோரத்திலிருந்து ஆசிரியர் ஒருவரும் அவருடன் மீனவர் இருவரும் வந்திருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலிலே கொண்டுவர வேண்டுமென்று முன்னரே சொல்லியிருந்தோம். மாணவர்கள் அவற்றை மேசையிலே வரிசையாக அடுக்கினர். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. நாவிலே பட்டபோதுதான் வேற்றுமை தெரிந்தது.

நெடுந்தீவு மூதாட்டி ஒருவர் வலிகாமத்து நீரை ஒரு மிடறு பருகிவிட்டு, “இப்பிடித் தண்ணியை வைச்சுக்கொண்டோ குறை சொல்லுறியள்?” என்றார். மண்டபம் சிரித்தது. தோட்டக்காரர் சிரிக்கவில்லை.

காலநிலை மாறுகின்றது, அதனால் நம் ஊருக்கு நேரக்கூடிய கேடு யாது என்று அளந்தறிய வேண்டும் என இந்நாளில் யாவரும் பேசுகின்றனர். ஆயினும் தேசப்படத்திலே நம் குடாநாடு ஒரே வண்ணம் பூசிய ஒரு சிறு பொட்டு. நெடுந்தீவின் வறட்சியும் கோப்பாய்த் தோட்டத்தின் வறட்சியும் ஒன்றல்ல என்பதை அப்பொட்டு எவ்வாறு காட்டும்? ஊரோடு ஊர் பேசினாலன்றி இது விளங்காது என்பதே எங்கள் எண்ணம்.

இங்கே மாணாக்கருக்காகச் சிறிது பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு எனப் பெயர் பெற்றதும் மாரியிலே மாத்திரம் ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. அந்நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, கடலிலிருந்து ஊறி வந்த உவர்நீரின்மேல், பாலின்மேல் ஆடைபோல மிதக்கின்றது. ஒல்லாந்தராகிய கைபன், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவர் தனித்தனியே கண்ட கணக்கு ஒன்றுண்டு. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். மறுதலையாகப் பாருங்கள்: மேலே ஓரடி குறைந்து, அக்குறை நிலைத்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதை நம்மிற் பலர் அறிவோம். உலகக் கடல்மட்டமோ 1901க்கும் 2018க்கும் இடையிலே சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கின்றது. தாழ்ந்த கரைகளையுடைய நமக்கு இது சிறிய செய்தியன்று.

நெடுந்தீவார் இக்கணக்கை அறியாமலே அறிந்திருக்கின்றனர். அம்மூதாட்டியின் வீட்டிலே விடியற்காலையில் சில வாளி நீர் அள்ளுவர். பின்பு கிணற்றை மாலை வரை ஆறவிடுவர். சோளகம் பலத்து வீசும் மாதங்களிலே இன்னும் குறைவாக அள்ளுவர். ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். “கேட்டால் தருகிற தண்ணி, பிடுங்கினால் சவராய்ப் போகும், தம்பி” என்றார்.

வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு இப்பேச்சு தைத்துவிட்டது. அவருடைய தந்தையார் துலா மிதித்து இறைத்தவர். அந்நாளில் மனிதர் களைத்தால் இறைப்பு நின்றது, இயந்திரம் களைப்பதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அது நாழிகைக்கணக்கில் இறைக்கின்றது. செயற்கை உரத்தின் நைத்திரேற்று மண்ணூடே இறங்கி அந்நீரிலே கலந்திருப்பதும், அது பச்சிளங் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடியதென்பதும் ஆய்வாளர் பலகாலமாகச் சொல்லி வருவன. மூதாட்டி புகழ்ந்த இனிய நீரின் குற்றம் நாவுக்குத் தெரியாத குற்றம். “இறைக்காமல் விட்டால் என்ரை பிள்ளையளின் படிப்புச் செலவை ஆர் தாறது?” என்று அவர் சற்று உரக்கவே கேட்டார். அதற்கு மண்டபத்தில் விடை இருக்கவில்லை. என்னிடமும் இல்லை.

அந்த இறுக்கத்தைத் தளர்த்தியவர் மட்டக்களப்பு ஆசிரியர். 1978 கார்த்திகைச் சூறாவளியிலே தம் ஊர்த் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் வீழ்ந்த கதையை அவர் சுருக்கமாகச் சொன்னார். ஆனால் விரித்துரைத்தது 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின் நிகழ்ந்ததைத்தான். கடல் புகுந்த கிணறுகளைத் தூய்மையாக்க எண்ணி, நல்ல மனத்தோடு வந்தவர்கள் இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். இறைக்க இறைக்கக் கீழேயிருந்த உப்பு மேலே வந்தது. கிழக்குக் கரையிலே பின்னர் ஆராய்ந்தவர்களும் இதையே கண்டனர்; கிணறுகளை ஆற்றியது பெரும்பாலும் அடுத்து வந்த மழையே. “எங்கட ஊரில ரெண்டு மாரி பொறுத்திருந்தம்” என்றார் அவர். தோட்டக்காரர் தலைநிமிர்ந்து பார்த்தார். ஓர் ஊர் துன்பப்பட்டுக் கற்றதை இன்னோர் ஊர் ஓர் இருக்கையிலிருந்தே கேட்டுக்கொள்வது எத்துணை மலிவான கல்வி!

மழையே மருந்து என்றால் அதனைத் தேக்க வேண்டுமல்லவா? 2008இல் ‘நிஷா’, 2020இல் ‘புரெவி’, 2025இல் ‘டித்வா’ எனப் புயல்கள் கொட்டும் மழை சில நாட்களிலே வெள்ளமாய்க் கடலை அடைகின்றது. ஊர்க் குளங்களும் கேணிகளும் தூர்ந்து கிடக்கின்றன. இதிலே பிறரைக் குறைகூற எனக்கு உரிமை குறைவு; என் வீட்டு முற்றம் முழுவதையும் சீமெந்திட்டு மூடியவன் நானே. சேறு படாதிருக்கிறது என்று மகிழ்ந்தேன். என் மகள்தான் ஒருநாள், “அப்பா, எங்கடை கிணத்துக்கு மழை எந்த வழியாலை போகும்?” என்று கேட்டாள். கூட்டத்தின் பின்பு ஒரு பாதியை உடைத்துவிட்டேன்; மறுபாதிக்கு வீட்டாரின் இணக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

இப்பொழுது எங்கள் மாணவர்கள் ஒவ்வொரு பூரணையன்றும் பன்னிரண்டு கிணறுகளை அளக்கின்றனர். முடிச்சிட்ட கயிற்றினால் நீர்மட்டத்தையும், கல்லூரி ஆய்வுகூடத்துச் சிறு கருவியினால் உப்பின் அளவையும் குறித்து, நெடுந்தீவுக்கும் மட்டக்களப்புக்கும் எழுதி அனுப்புகின்றனர். அவர்களுடைய குறிப்பும் இங்கே வருகின்றது. தொடக்கத்திலே தம் கிணற்றடிக்கு வரவேண்டாமென்றவர் அத்தோட்டக்காரரே.

சென்ற மாதம் ஒரு மாலையில் அவர் சைக்கிளிலே வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. “மாஸ்டர், கடற்பக்கத்துக் காணியிலை ஒரு கிணறு கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லாமல் அதையும் ஒருக்கா அளந்து பாக்கேலுமோ?” என்றார்.

கருவியை ஒரு துணிப்பையிலே இட்டுக்கொண்டு நானே அவருடன் போனேன்.