மனிதன் உதிர்ந்த வண்டி

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடந்த காலத்தில், துரைமாரும் தனவந்தரும் உலாவச் செல்ல ஏறியது ‘புஸ்-புஸ்’ வண்டி. முன்னே மாடுமில்லை, குதிரையுமில்லை. ஏறியவர் கைப்பிடியைப் பற்றி வண்டியைத் திருப்புவார். பின்னால் நம்மவர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு ஓடுவார். ‘புஸ்’ என்றால் பிரெஞ்சில் ‘தள்ளு’ என்று பொருள். வண்டிக்கு இட்ட பெயரே ஓர் அதட்டல்தான்!

ஜப்பானில் பிறந்த ரிக்ஷாவுக்கும் பிரெஞ்சுக்காரர் இதே பெயரைத்தான் சூட்டினர். அது முன்னாலிருந்து இழுக்கும் வண்டியாயிற்றே என்று அவர்கள் யோசிக்கவில்லை. 1870-ல் டோக்கியோவில் இஸுமி யோஸுகே முதலிய மூவர் ஸர்க்கார் அனுமதி பெற்று அவ்வண்டியை ஓடவிட்டனர். இரண்டே வருஷத்தில் அந்நகரில் சுமார் 40,000 வண்டிகள்! அங்கே கின்ஸா பகுதியில் அகிபா டைஸுகே என்பவர் ரிக்ஷாக்களைச் செம்மையாகச் செய்து, இந்தியா வரை ஏற்றுமதியும் செய்தார். மோட்டார் வண்டி விற்பதற்கு வெகுகாலம் முன்பே ஜப்பான் அயல்நாடுகளுக்கு விற்ற வாகனம் இது.

அதன் சொந்தப் பெயர் ‘ஜின்-ரிகி-ஷா’. மனிதன், பலம், வண்டி என்று மூன்று சொற்கள். ஆங்கிலேயர் வாயில் புகுந்தபோது முதற்சொல் உதிர்ந்து ‘ரிக்ஷா’ ஆயிற்று. உதிர்ந்தது எது, பார்த்தீர்களா? மனிதன்!

தமிழ்நாட்டில் கை ரிக்ஷாவை ஒழிக்க 1973 வரை காத்திருக்க நேர்ந்தது. புதுவையில் புஸ்-புஸ் மறைந்து, சைக்கிள் ரிக்ஷா வந்தது. ஓட்டுபவருக்கு உட்கார ஓர் ஆசனம் கிடைத்தது. கூரை மட்டும் ஏறியவர் தலைக்கு மேல்தான்.