வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது

திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. மீதிச் சில்லறையை நீட்டினால், "மேஜை மேல வைம்மா" என்பவர்கள் இன்றும் உண்டு. தங்கைக்கு வந்த ஒரு சம்பந்தம் என் கையைப் பார்த்ததும் நின்றுபோனது. அந்த வருத்தம் ஆறவில்லை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே தவறாகத் தாக்கி அழிப்பதால் தோல் வெளுக்கிறது. கிருமி எதுவும் இல்லை, எனவே தொற்றாது. மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. இது தொழுநோயும் அல்ல. தொழுநோய்த் தேமல் பொதுவாக உணர்ச்சியற்று மரத்திருக்கும். என் விரலில் ஊசி பட்டால் சுருக்கென்று வலிக்கிறது.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனமே நெற்றியை வெளுக்க வைக்கும். சில ரப்பர் செருப்புகளும் அப்படித்தான். வெளுப்பு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பாவாடை நாடா இறுகி உராயும் இடுப்பிலும் புதுப் புள்ளி வரலாம்.

களிம்புகளும் 311 நானோமீட்டர் புறஊதா ஒளிச் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருகின்றன. முகத்தில் நிறம் ஓரளவு எளிதில் திரும்பும். விரல் நுனியில் கடினம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தைராய்டு கோளாறும் சேர்ந்து வரலாம் என்பதால் அந்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

'ஒரே வாரத்தில் மாறும்' களிம்பு கேட்டு வருகிறவர்களுக்கு நான் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதல் புள்ளி தெரியும்போதே அங்கே போங்கள்.