உறையாத துளி

பல் சொத்தையை அடைக்கும்போது மருத்துவர் வெள்ளைப் பசையைக் குழிக்குள் வைத்து, பேனா போன்ற கருவியால் அதன்மேல் நீல வெளிச்சம் காட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சில விநாடிகளில் பசை கல்போல இறுகிவிடும். அன்றிரவே அந்தப் பல்லால் மென்று சாப்பிடலாம். அழகு நிலையங்களில் ‘ஜெல் பாலிஷ்’ என்று போடுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். சாதாரண நெயில் பாலிஷில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் ஈத்தைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவங்களில் கரைந்திருக்கும். திரவம் ஆவியாகப் போக, நிறம் மட்டும் நகத்தில் தங்கும். ஜெல்லோ இப்படிக் காய்வதில்லை. அதிலிருப்பவை அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் எனப்படும் சிறு மூலக்கூறுகள். விளக்கின் புற ஊதா ஒளி பட்டதும் அதில் கலந்துள்ள ஒளித்தூண்டி உடைந்து, அந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்கிவிடுகிறது. நகத்தின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் தயாராகிறது என்று சொல்லலாம். 2010இல் சி.என்.டி. நிறுவனம் ‘ஷெல்லாக்’ என்ற பெயரில் இதை பாலிஷ் போலவே தூரிகையால் தீட்டும் வடிவில் கொண்டுவந்தது. பாத்திரம் தேய்த்தாலும் துணி துவைத்தாலும் இரண்டு வாரம் மின்னும் நகம் பிறகு உலகெங்கும் பரவியது. முதன்முறையாக இதைப் போட்டுக்கொள்ள நினைப்பவர் எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பது இந்த வேதியியலிலேயே இருக்கிறது.

பெரும்பாலோர் பயப்படுவது விளக்கைக் கண்டுதான். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மனித, எலி உயிரணுக்களை நக விளக்கின் கீழ் ஒருமுறை 20 நிமிடம் வைத்ததில் 20 முதல் 30 சதவீதம் வரை இறந்தன. மூன்று முறை அடுத்தடுத்து வைத்தபோது அது 65 முதல் 70 சதவீதமானது. பிழைத்த உயிரணுக்களின் மரபணுவிலும் சேதம் தெரிந்தது. செய்தித்தாள்களில் இது ‘நகப்பூச்சால் புற்றுநோய்’ என்கிற அளவுக்குப் போனது. ஆனால், கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுவுக்கு மேலே நம் கையில் இருப்பதுபோன்ற தடித்த மேல்தோல் கிடையாது. தங்கள் முடிவு புற்றுநோய் வரும் என்பதற்கு நேரடிச் சான்று ஆகாது, மக்களிடையே நீண்டகால ஆய்வு தேவை என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அதற்கு முன்பு 2014இல் ‘ஜாமா டெர்மடாலஜி’ இதழில் வந்த ஆய்வு, 16 அழகு நிலையங்களில் இருந்த 17 விளக்குகளை அளந்தது. விளக்குக்கு விளக்கு வேறுபாடு பெரிதாக இருந்தாலும், ஒரு தடவை செல்வதால் தோலில் சேரும் ஒளி குறைவே என்று அது கண்டது. ஆகவே விளக்கு ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. அதன் ஆபத்தைத் தடுப்பது எளிது என்கிறேன். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பது இரண்டே விஷயங்கள்: முன்கூட்டியே கையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுவது, அல்லது விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் அடர்நிறக் கையுறை அணிவது. டாக்சிசைக்ளின் போல ஒளியைத் தோல் தாங்காதபடி செய்யும் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, ஒளி படாமல் உறையாது தங்கிவிட்ட ஜெல் துளியைப் பற்றித்தான். முழுதாக இறுகிய ஜெல் ஏறக்குறைய எதனோடும் வினைபுரியாத பிளாஸ்டிக். இறுகாத ஜெல்லோ தோலுக்குள் புகக்கூடிய சிறு மூலக்கூறுகளின் கூட்டம். அவற்றில் முக்கியமானது ‘ஹீமா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ராக்சிஈத்தைல் மெத்தாக்ரிலேட். அதன் மூலக்கூறு எடை சுமார் 130 மட்டுமே. தோல் வழியே உள்ளே போக அந்தச் சிறுமை போதும். முதல் தடவை பட்டதும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. உடலின் எதிர்ப்பு அமைப்பு அதை அடையாளம் குறித்து வைத்துக்கொள்கிறது. பலமுறை பட்டபின் ஒருநாள் நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, விரல் நுனியில் வெடிப்பு என்று தொடங்கும். சிலருக்கு நகமே சதையிலிருந்து தூக்கிக்கொள்ளும். கையால் கண்ணைத் தொடுவதால் இமை வீங்குவதும் உண்டு. அதனால் காரணம் நகத்தில் இருக்கிறது என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் திரும்பிப் போவதில்லை. பல் அடைக்கும் பசையிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு ஒட்டும் சிமென்ட்டிலும், உடலில் ஒட்டும் சில மருத்துவப் பட்டைகளின் பசையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால், இன்று நகத்துக்காகச் சம்பாதித்த ஒவ்வாமை பத்தாண்டுகள் கழித்து பல் மருத்துவரின் நாற்காலியில் குறுக்கே நிற்கலாம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2012இல் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அக்ரிலேட்டை அறிவித்தது. பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட தகவலின்படி, ஒட்டுச் சோதனை செய்துகொண்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இவ்வகைப் பொருள் ஒன்றுக்காவது ஒவ்வாமை இருந்தது.

துளி உறையாமல் போவது எப்படி என்று பார்த்தால், குற்றம் பொருளைவிடக் கைவேலையில் அதிகம் என்பது தெரியும். ஒவ்வொரு ஒளித்தூண்டியும் குறிப்பிட்ட அலைநீளத்து ஒளியைத்தான் உறிஞ்சும். ஒரு நிறுவனத்தின் பாட்டிலை இன்னொரு நிறுவனத்தின் விளக்கில் காட்டினால் மேற்பரப்பு இறுகி, அடியில் ஈரம் தங்கலாம். தடவிப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். உள்ளே வேலை முடிந்திருக்காது. அடர் கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்கள் ஒளியையே தடுக்கும் என்பதால் அவற்றை மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். தடிமனாகப் பூசி நேரத்தை மிச்சப்படுத்துவது அங்கேதான் தவறாகிறது. இவை எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசிப் பூச்சின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் நின்றுவிடுவது உண்டு. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அந்த மேல் அடுக்கை மட்டும் இறுகவிடாது. அதை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பார்கள். அந்தப் பஞ்சை நகத்தோடு நிறுத்தாமல் விரலெங்கும் இழுத்துவிட்டால், உறையாத பசையைத் தோலுக்கு நாமே பூசியதாகிவிடும். நல்ல கைவேலைக்காரர் நகத்துக்கும் சதைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டுப் பூசுவார். வழிந்துவிட்டால் விளக்குக்குப் போகுமுன் குச்சியால் எடுத்துவிடுவார். அழகுக்காக மட்டும் விடும் இடைவெளியன்று அது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்பது. உண்மைதான், பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் ஆகிறவர் யார் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. வந்தபின் போக்கவும் வழியில்லை. தவிர்க்க ஆகும் செலவோ கொஞ்சம் கவனம் மட்டுமே. இரண்டாவது, ‘ஹீமா இல்லாதது’ என்று எழுதிய பாட்டில் வாங்கினால் போதாதா என்பது. ஓரளவு உதவும், முழுதாகக் காப்பாற்றாது. அந்த இடத்தில் வேறொரு மெத்தாக்ரிலேட் இருக்கும். உடல் பல நேரங்களில் சகோதர மூலக்கூறுகளையும் எதிரியாகவே பார்க்கும். மூன்றாவது வாதம், வீட்டிலேயே போட்டுக்கொண்டால் சுத்தமாகவும் சிக்கனமாகவும் இருக்குமே என்பது. என் பார்வையில் இதுதான் மிக ஆபத்தான யோசனை. வலது கைக்காரர் இடது கையால் தன் வலது கை நகத்தில் தோலைத் தொடாமல் பூசுவது எளிதல்ல. இணையத்தில் வாங்கிய மலிவு விளக்கு அந்தப் பாட்டிலுக்குப் பொருந்துமா என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் நகப்பூச்சுகளில் ஹீமாவைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தி, அதை பாட்டிலிலேயே எழுத வேண்டும் என்று விதித்ததற்குப் பின்னணி இதுவே. 2025 செப்டம்பர் 1 முதல் டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியையும் அங்கே அழகுப் பொருள்களில் முற்றிலும் தடை செய்துவிட்டார்கள். விலங்குகளில் இனப்பெருக்கக் கேடு தெரிந்ததை வைத்து எடுத்த முன்னெச்சரிக்கை முடிவு அது. ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டியதில்லை; இனி வாங்குபவர் பாட்டிலைத் திருப்பிப் படிக்கலாம்.

இவ்வளவு தொல்லைக்கு மருதாணியே மேலில்லையா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருதாணியின் நிறப்பொருள் நகத்தின் கெராட்டினோடு சேர்ந்து அதையே சாயமேற்றுகிறது. மேலே ஒரு அடுக்காக நிற்பதில்லை. கழற்றும் வேலையும் கிடையாது. ஆனால் ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பினால் அங்கேயும் ஏமாற்றம் உண்டு. கறுப்பு மருதாணி என்ற பெயரில் தலைச்சாய ரசாயனம் கலந்து விற்பதால் தோல் கொப்பளித்தவர்கள் இருக்கிறார்கள். தவிர, ஜெல் கேட்பவர் கேட்பது அந்தக் கண்ணாடிப் பளபளப்பையும் விரும்பிய நிறத்தையும். அதை விரும்புவதில் தவறில்லை. தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளலாம்.

போடுவதில் இருக்கும் அக்கறை கழற்றுவதில் யாருக்கும் இருப்பதில்லை. நகம் கெட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான். மேல் பளபளப்பை அரத்தால் லேசாகத் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் பொறுத்தால் ஜெல் தானே தளர்ந்து உதிரும். பொறுமை இல்லாமல் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் அதோடு நகத்தின் மேலடுக்குகளும் உரிந்து வரும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். உரிந்த இடம் வளர்ந்து வெளியேற ஆறு மாதம் வரை ஆகும். ஜெல் போட்டதால் நகம் காகிதமாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்குப் பிடுங்கியதால்தான் அப்படி ஆனது. அறுவைச் சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ நாள் குறித்திருப்பவர்கள் அதற்கு முன்பே இதைக் கழற்றிவிடுவது நல்லது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் கருவிக்காகவும், நகத்தின் நிறத்தைப் பார்ப்பதற்காகவும் மருத்துவமனையில் பூச்சை எடுக்கச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் கால்மணி நேரம் கிடைக்காது.

வாடிக்கையாளருக்கு மாதத்தில் ஒன்றிரண்டு முறை நேர்வது, பூசுகிறவருக்கு ஒரே நாளில் பல முறை நேர்கிறது. அக்ரிலேட் ஒவ்வாமையால் அதிகம் பாதிக்கப்படுபவர்களில் நக அழகுக் கலைஞர்கள் முன்வரிசையில் இருப்பதைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். வேலையையே விட நேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. சாதாரண லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும் பொருள் இது. நைட்ரைல் கையுறை சற்று நேரம் தாங்கும். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே முதன்முறை போகிறவர் நிற அட்டையைக் கையில் எடுக்குமுன், எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைகளைப் பார்க்கலாம். கையுறை இருக்கிறதா, பாட்டிலும் விளக்கும் ஒரே நிறுவனத்தவையா, கழற்ற வந்தால் எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது என்று கவனிக்கலாம். அந்தப் பெண்ணின் விரல் நுனிகள் வெடித்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தால், அந்த மேசையில் துளிகள் எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன என்பது தெரிந்துவிடும்.